உறுப்பு மாற்று, தொற்று ஆய்வுகளுக்கான சுண்டெலிக் கூடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சுண்டெலிக் கூடம் நடத்துபவர்களும், அங்கே ஆய்வுக்கு வரும் மாணவர்களும் மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒட்டு ஆய்வும் (ஓர் எலியின் தோலையோ உறுப்பையோ இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது) கிருமி ஆய்வும் ஒரே கட்டடத்தில் நடக்கும் இடங்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். எலியின் உடம்பில் ஏற்கெனவே என்ன கிருமி இருக்கிறது என்று தெரியாமல், ஒட்டு எத்தனை நாள் நின்றது என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை. பெரும்பாலான பதில்கள் இந்த இடத்துக்கே வந்து சேரும்.

இரண்டு ஆய்வையும் ஏன் ஒரே கட்டடத்தில் வைக்க வேண்டும்? பிரித்துவிட்டால் பாதுகாப்புதானே?

பிரித்து வைப்பது எளிதுதான். ஆனால் இங்கே மருத்துவர்கள் கேட்கும் கேள்வி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் தமிழக அரசுத் திட்டம் 2008-இல் தொடங்கியது. உறுப்பு பெற்றவர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், உடம்புக்குள் அடங்கிக் கிடந்த கிருமி அந்த மருந்தினால் தலையெடுக்கிறது. பலரின் உடம்பில் ஒளிந்து தங்கும் சைட்டோமெகலோ வைரஸும் அப்படித்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு தொடர்பு உண்டு. ஒட்டைச் சகித்துக்கொள்ளும்படி பழக்கப்பட்ட எலிக்கு எல்சிஎம் வைரஸோ (எலிகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் வைரஸ்) லிஸ்டீரியா பாக்டீரியாவோ தொற்றினால், அந்தச் சகிப்பு குலைந்து ஒட்டு நிராகரிக்கப்படலாம். இதையெல்லாம் பார்க்க, ஒட்டு வைத்த எலிக்கே கிருமி கொடுக்கும் வசதி வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தொடங்கியதும் நோயாளியின் இரத்தத்தில், எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் அளவு சரிவது சிறுநீரக மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. அதைச் சாதாரணச் சுண்டெலியில் ஆராய முடியாது. கல்லீரல் நொதிகளைத் தூண்டும் பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பி மனிதரில் ரிஃபாம்பிசினுக்கு நன்றாக வேலை செய்யும். சுண்டெலியில் மிகக் குறைவாகவே செய்யும். மனித பிஎக்ஸ்ஆர் மரபணு பொருத்திய எலி இல்லாமல் இந்த ஆய்வைத் தொடங்க வேண்டாம்.

கைவசம் ஸ்விஸ் அல்பினோ எலிதான் இருக்கிறது. அதில் ஒட்டு ஆய்வு செய்யலாமா?

கூடாது. ஸ்விஸ் எலிகள் கலப்பு இனம். ஒரே கூண்டில் பிறந்த இரண்டு எலிகளுக்குக்கூடத் திசுப் பொருத்தம் இருக்காது; ஒன்றன் தோலை இன்னொன்று தள்ளிவிடும். 'தன் தோல், பிறர் தோல்' என்ற ஒப்பீடே அங்கு இல்லை.

ஒட்டு ஆய்வுக்கு 20 தலைமுறைக்குக் குறையாமல் உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் இணைத்து வளர்த்த தூய ஸ்ட்ரெய்ன் (மரபுவழி ஒன்றுபோன்ற எலி வகை) வேண்டும். இந்திய ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் இணை, கருப்பு நிற சி57பிஎல்/6 (சுருக்கமாக பி6), வெள்ளை நிற பால்ப்-சி. முதலாவதன் திசுப் பொருத்த வகை எச்-2பி, இரண்டாவதுக்கு எச்-2டி. இரண்டும் முழுக்கப் பொருந்தாதவை. இரண்டோடும் பொருந்தாத 'மூன்றாம் தரப்பு' ஒட்டுக்கு எச்-2கே வகையான சி3எச் அல்லது சிபிஏ வைத்துக்கொள்ளலாம். வெள்ளை எலியின் முதுகில் கருப்புத் தோல் இருந்தால் ஒட்டின் எல்லை கண்ணுக்கே தெரியும். இதுவும் அந்த இணை நிலைத்ததற்கு ஒரு காரணம்.

தொற்று ஆய்வுக்கு ஸ்ட்ரெய்ன் தேர்வு இன்னும் கவனமாக வேண்டும். பி6, பால்ப்-சி இரண்டிலும் கிருமியை எதிர்க்க உதவும் என்ராம்ப்1 மரபணு பழுதானது. அதனால் சால்மோனெல்லா இரண்டையும் விரைவில் கொல்லும். 129 ஸ்ட்ரெய்ன் தாக்குப்பிடிக்கும். சுண்டெலி சைட்டோமெகலோ வைரஸுக்கோ பி6 வலுவானது, பால்ப்-சி எளிதில் மாட்டிக்கொள்ளும். இயற்கைக் கொல்லி அணுக்களின் (அணு என்பது இங்கே செல்) மேலுள்ள எல்ஒய்49எச் என்ற ஏற்பிதான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம். மனிதனின் சைட்டோமெகலோ வைரஸ் சுண்டெலியில் பெருகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பி6 என்று மட்டும் எழுதினால் போதாது. 'ஜே' கிளையா 'என்' கிளையா என்று எழுதுங்கள். ஜே கிளையில் என்என்டி மரபணுவில் ஒரு துண்டு இல்லை. என் கிளையில் கண் விழித்திரையைப் பாதிக்கும் ஆர்டி8 பிறழ்வு இருக்கிறது. ஒரு கிளையில் உருவாக்கிய மரபணு நீக்கிய எலியை இன்னொரு கிளையின் சாதாரண எலியோடு ஒப்பிட்டு வெளியிடுவது இன்றைக்கும் நடக்கும் தவறு.

ஆண் எலியின் தோலைப் பெண் எலிக்கு வைக்கலாமா? ஒரே ஸ்ட்ரெய்ன்தானே?

வேண்டாம். ஆணின் அணுக்களில் எச்-ஒய் என்ற புரதத் துணுக்குகள் உண்டு. பி6 பெண் அவற்றை அந்நியமாகக் கண்டு, பி6 ஆணின் தோலைப் பொதுவாக 3 முதல் 5 வாரத்தில் தள்ளிவிடும். கொடையாளியும் பெறுநரும் ஒரே பாலாக இருக்கட்டும். அல்லது கொடையாளி பெண்ணாக இருக்கட்டும்.

எந்தெந்த அனுமதி வேண்டும்?

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, அதன் கீழ் வந்த 1998 விதிகள் ஆகியவற்றின்படி, கூடம், விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் சிசிஎஸ்இஏ என்ற மத்திய அரசுக் குழுவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பழைய பெயர் சிபிசிஎஸ்இஏ. பலரும் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். சுண்டெலி ஆய்வுக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவே ஒப்புதல் தரலாம். விண்ணப்பம் படிவம் பி-இல். குழுவில் கால்நடை மருத்துவர், வெளி விஞ்ஞானி, சிசிஎஸ்இஏ நியமித்த உறுப்பினர் ஆகியோர் இருப்பார்கள்.

கிருமியோ மரபணு மாற்றிய எலியோ இருந்தால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தனி. கதிர்வீச்சுக் கருவி வைத்திருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தனி. மயக்க மருந்தான கெட்டமின், வலி மருந்தான புப்ரெனார்ஃபின் இரண்டும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை என்பதால், பூட்டிய அலமாரியும் மில்லிலிட்டர் கணக்கில் கையிருப்புப் பதிவேடும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள். ஒன்று வந்த பிறகு மற்றொன்றுக்கு விண்ணப்பித்தால் எலிகள் கூண்டில் கிழடாகிவிடும்.

எலி எண்ணிக்கையைக் கேட்கும்போது, ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழுக்களையும் அறுவையில் இழக்கக்கூடிய எலிகளையும் வெளிப்படையாகக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள்.

புதிய எலிகள் வந்து இறங்கியதும் என்ன செய்வது?

பதிவுபெற்ற வளர்ப்பகத்திலிருந்து மட்டும் வாங்குங்கள். கடைசிச் சுகாதார அறிக்கையை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையில் 'எதுவும் இல்லை' என்ற வரியைவிட எதையெல்லாம் சோதித்தார்கள் என்ற பட்டியலே முக்கியம். வெளிநாட்டிலிருந்து வந்தால் சென்னை விமான நிலையம் வழியாக விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் நடைமுறை இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் விமானத்தைத் தவிருங்கள். ஓடுதளத்தில் அரை மணி நேரம் வெயிலில் நின்ற பெட்டியில் எலிகள் செத்துக் கிடக்கும்.

பெட்டியின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, தனிமை அறையில் உள்ள பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். நம்பகமான வளர்ப்பகத்து எலிக்கு இடம் பழக 7 நாள். மற்ற ஆய்வகத்திலிருந்து வந்த எலிக்கு 4 வாரத் தனிமையும் முழுச் சோதனையும். சோதனையில் கிருமி தெரிந்த அரிய ஸ்ட்ரெய்னை மருந்து கொடுத்துத் தேற்றப் பார்க்காதீர்கள். கரு மாற்று முறையில் சுத்தமான வாடகைத் தாய்க்கு மாற்றிப் புதுக் குட்டிகளை எடுப்பதுதான் உறுதியான வழி.

ஆய்வகத்தில் வளர்த்த புற்றணுக்களையும் எலியிலிருந்து எடுத்த சீரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். எல்சிஎம் வைரஸும் லாக்டேட் நொதியை உயர்த்தும் வைரஸும் புற்றணுக் குப்பிகள் வழியாகவே பல கூடங்களுக்குள் நுழைந்திருக்கின்றன. எல்சிஎம் மனிதருக்கும் தொற்றும். உறைபெட்டியிலிருந்து எடுத்த எந்த அணுவையும் பிசிஆர் சோதனை இல்லாமல் எலிக்குள் செலுத்தக்கூடாது.

எலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நோய்க்குறி எதுவும் இல்லை. அப்புறம் எதற்குக் கிருமிச் சோதனை?

ஆய்வைக் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை எலியைப் படுக்க வைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, சுண்டெலி பார்வோ வைரஸ். வளர்ந்த எலியிடம் ஒரு குறியும் தெரியாது. நிணநீர்த் திசுக்களில் நீண்ட காலம் தங்கும். இந்த வைரஸ் இருக்கும் எலி, அந்நியத் தோலை வழக்கத்தைவிட வேகமாக நிராகரிக்கும். அதோடு நிற்காமல், தன் ஸ்ட்ரெய்னின் தோலையே நிராகரிப்பதும் பதிவாகியிருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழுவின் ஒட்டு விழுந்தால் அறுவை செய்தவரின் கையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள்.

சுண்டெலி ஹெபடைட்டிஸ் வைரஸ் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களின் வேலையை மாற்றிவிடும். நல்ல எதிர்ப்பாற்றல் உள்ள எலி சில வாரத்தில் அதை விரட்டிவிடும். எதிர்ப்பாற்றல் குறைந்த எலி தொடர்ந்து கழித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் 6 முதல் 8 வாரம் இனப்பெருக்கத்தை நிறுத்திக் கூட்டத்தைத் தேற்றும் உத்தி சாதாரண பி6-இல் பலிக்கும், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத எஸ்சிஐடி எலியில் பலிக்காது.

ஹெலிகோபேக்டர் ஹெபாட்டிகஸ் பாக்டீரியா, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி தரும். நூலிழை போன்ற குடற்புழுக்கள் எதிர்ப்பாற்றலை டிஎச்2 (புழுவையும் ஒவ்வாமையையும் சார்ந்த வகை) பக்கம் சாய்க்கும். சிஃபாசியா புழுவின் முட்டையை ஆசனவாயில் செல்லோடேப் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆஸ்பிகுலூரிஸ் முட்டை டேப்பில் வராது. புழுக்கையை உப்புக் கரைசலில் மிதக்கவிட வேண்டும். ஃபென்பென்டசோல் 150 பிபிஎம் கலந்த தீவனம் குணமாக்கும். ஆனால் அது நடக்கும் வாரங்களில் ஒட்டு வைக்க வேண்டாம். மருந்தும் எதிர்ப்பணுக்களைத் தொடுகிறது.

மிகச் சுத்தமான எலிக்கும் ஒரு குறை உண்டு. எந்தக் கிருமியையும் சந்திக்காத எலியின் உடம்பில் நினைவு டி அணுக்கள் மிகக் குறைவு. அந்த வகையில் அது வளர்ந்த மனிதரைவிடப் பச்சிளங்குழந்தையையே ஒத்திருக்கிறது. பழைய தொற்றுகளால் உருவான நினைவு அணுக்கள் ஒட்டையும் தாக்கக்கூடும் என்பதால், சுத்த எலியில் எளிதாகக் கிடைக்கும் சகிப்பு மனிதரில் கிடைக்காமல் போகிறது. இதை ஆராய வேண்டுமானால் தெரிந்த கிருமியைத் தெரிந்த நாளில் கொடுங்கள். கூடத்தை அசுத்தமாக விடுவது அதற்கு மாற்றாகாது.

கூட்டத்தில் கிருமி இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் காவல் எலியை எப்படி வைப்பது?

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கூண்டில் 4 முதல் 6 வார வயதுள்ள பெண் ஸ்விஸ் எலிகள் இரண்டு. பி6 எலியைக் காவலுக்கு வைத்தால் பார்வோ வைரஸ் தப்பிவிடும். அந்த ஸ்ட்ரெய்னில் அது சரியாகத் தொற்றாது. கூண்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அடுக்கிலுள்ள எல்லாக் கூண்டுகளிலிருந்தும் ஒரு கரண்டி அழுக்குப் படுக்கையை எடுத்துக் காவல் கூண்டில் போடுங்கள். குறைந்தது 8, நல்லது 12 வாரம் கழித்து இரத்தம், புழுக்கை, ரோமம் மூன்றையும் அனுப்புங்கள்.

முறையின் ஓட்டையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சுவழிப் பரவும் சென்டாய் வைரஸ் படுக்கை வழியாகச் சரியாகக் கடப்பதில்லை. ரோமப் பேனும் அப்படியே. ஆகவே வெளியேறும் காற்றுக் குழாயின் தூசியைத் துடைத்து பிசிஆர் செய்வதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாற்றல் இல்லாத எலியின் இரத்தத்தில் எதிர்பொருள் சோதனை எப்போதும் 'இல்லை' என்றே காட்டும். அவற்றுக்கு பிசிஆர் மட்டும்தான்.

சென்னை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏசி போட்டால் போதாதா?

வீட்டு ஏசி போதாது. அறை 22 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 55 விழுக்காடு வேண்டுமென்றால் அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 12.5 டிகிரி. சென்னையில் வெளிக்காற்றின் பனிநிலை ஆண்டின் பெரும்பகுதி 24 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எலிக்கூடத்தில் பயன்படுத்திய காற்றைத் திரும்பச் சுற்றவிடக்கூடாது என்பதால், மணிக்கு 12 முதல் 15 முறை முழுவதும் புதுக்காற்று. அத்தனை காற்றையும் குளிர்சுருளில் 11, 12 டிகிரிக்கு இறக்கி நீரைப் பிழிந்துவிட்டு, பிறகு 18, 20 டிகிரிக்குச் சூடேற்றி அறைக்குள் விட வேண்டும். சூடேற்றியைச் செலவு மிச்சம் என்று நிறுத்திவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: அறை நடுங்கும், அல்லது காற்றுத் துவாரத்தில் நீர் சொட்டிக் கூரையில் பூஞ்சை பிடிக்கும்.

சிசிஎஸ்இஏ வழிகாட்டுதல் 18 முதல் 29 டிகிரி வரையும், 30 முதல் 70 விழுக்காடு ஈரம் வரையும் அனுமதிக்கிறது. அந்த எல்லைக்குள் நாளுக்கு நாள் ஊசலாடுவதுதான் ஆய்வைக் கெடுக்கும். 2 டிகிரிக்கு மேல் ஆட விடாதீர்கள். எலிக்கு உண்மையில் இதமான வெப்பம் 30 டிகிரிக்குப் பக்கம். 22-இல் அது குளிரில்தான் வாழ்கிறது. ஆகவே கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் கூடு கட்டும் காகித இழை போடுங்கள். முதுகு மழித்து ஒட்டு வைத்த எலிக்கு இது கட்டாயம்.

ஒளி 12 மணி நேரம், இருள் 12 மணி நேரம். இரவில் 'ஒரு நிமிடம்தான்' என்று விளக்கைப் போடும் பழக்கத்தைச் சிவப்பு விளக்கு பொருத்தி நிறுத்துங்கள்.

படுக்கைக்குச் செங்குன்றம் ஆலைகளிலிருந்து நெல் உமி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வளர்ப்பு அறைக்கு வாங்கலாம், 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கம்) செய்து, முழுக்க உலர்த்திய பிறகு. ஆலைக் கிடங்கில் காட்டெலி மூத்திரம் படாத உமி மூட்டை கிடையாது. வெளிக் கிருமி உள்ளே வர அது நேர்வழி. ஒட்டு வைத்த எலிக்கும் மூச்சுவழித் தொற்று ஆய்வுக்கும் உமி வேண்டாம். தூசி நுரையீரலை உறுத்தும், முனை காயத்தைக் குத்தும். அங்கே மக்காச்சோளச் சக்கை அல்லது காகிதத் துகள் போடுங்கள். சோளச் சக்கை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூன்றே நாளில் பூஞ்சை பிடிக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், ஈரம் நீக்கிய அறையில் வையுங்கள்.

தீவனம் 25 கிலோகிரே காமாக் கதிர் பட்ட வில்லைகளாக இருந்தால் நல்லது. ஆட்டோகிளேவ் செய்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும், அதைக் கூடுதலாகச் சேர்த்த தீவனமா என்று பாருங்கள். ஆலைத் தேதியிலிருந்து 6 மாதம் கடந்தால் போடக்கூடாது.

குடிநீர், ஆர்ஓ செய்து ஆட்டோகிளேவ் செய்தது. கதிர்வீச்சுப் பெற்ற எலிகளுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2.5-க்கும் 3-க்கும் நடுவில் வைத்த நீர். சூடோமோனாஸ் அதில் பெருகாது. லாரித் தண்ணீர் இறங்கிய வாரத்தில் ஆர்ஓ சவ்வின் கடத்துதிறனை நாள்தோறும் குறித்து வையுங்கள்.

தோல் ஒட்டு செய்முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கொடையாளியை நெறிமுறைப்படி உயிர்நீக்கிய பின், வாலின் அடிப்புறத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுத் தோலை உரித்தெடுங்கள். ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணி விரித்த பெட்ரித் தட்டில் பனிக்கட்டி மேல் வையுங்கள். துண்டுகள் நீரில் மிதக்கக்கூடாது. ஊறிய தோல் ஒட்டாது.

பெறுநருக்கு மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேன் தொடக்கத்தில் 3 முதல் 4 விழுக்காடு, பிறகு 1.5 முதல் 2. கண்ணுக்குக் களிம்பு, உடம்புக்கு அடியில் வெப்பத் தட்டு. கத்தி வைப்பதற்கு முன்பே வலி மருந்து: புப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி. தோலுக்கடியில். விலாப்பக்கம் மழித்து, போவிடோன் அயோடினும் ஆல்கஹாலும் மாற்றி மாற்றி மூன்று முறை துடையுங்கள். ஆல்கஹாலை நிறையக் கொட்டினால் எலி குளிர்ந்துபோகும்.

வளைந்த இடுக்கியால் தோலைத் தூக்கி, ஒட்டைவிட ஓரிழை பெரிதாக வெட்டி எடுங்கள். அடியில் தெரியும் மெல்லிய தசைப் படலத்தையும் அதில் ஓடும் இரத்தக் குழாய்களையும் தொடாதீர்கள். புது ஒட்டுக்கு உயிர் வருவது அங்கிருந்துதான். படுகையில் இரத்தம் கசிந்தால் ஒட்டுக்கு அடியில் கட்டி நின்று அதைத் தூக்கிவிடும். பஞ்சால் அழுத்தி நிறுத்திய பிறகே ஒட்டை வையுங்கள்.

ஒட்டின் ரோமம் எலியின் ரோமத்துக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்தும் எது ஒட்டு என்று அதனால் தெரியும். 6-0 தையல் நான்கு மூலையிலும், வேண்டுமானால் நடுவிலும். மேலே வாசலின் தடவிய வலைத்துணி, அதற்கு மேல் உடம்பைச் சுற்றி ஒட்டும் கட்டு. இடுக்கியின் முனை கட்டுக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மூச்சு திணறும், நாலு இடுக்கி நுழைந்தால் இரவுக்குள் எலி கட்டை உருவிவிடும். ஏழு நாள் தனிக் கூண்டு. சேர்த்து விட்டால் ஒன்றன் கட்டை இன்னொன்று கடித்துக் கிழிக்கும். இளஞ்சூடான உப்புநீர் அரை மில்லி தோலுக்கடியில் கொடுத்து, எழுந்து நடக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

ஏழாம் நாள் லேசான மயக்கத்தில் கட்டைப் பிரியுங்கள். அப்போதே காய்ந்து கழன்றிருந்தால் அது செய்முறைத் தோல்வி; நிராகரிப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பிறகு தினமும் பார்த்து, சிவப்பு, வீக்கம், செதில் உதிர்வு, கருகல் என்று குறியுங்கள். 90 விழுக்காடு கருகிய நாளே நிராகரிப்பு நாள். மருந்தில்லாத பால்ப்-சி தோல் பி6-இல் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் போய்விடும். பி6 தோல் பி6-இல் 100 நாள் கடந்தும் ரோமத்தோடு நிற்க வேண்டும். குறிப்பவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. இதில் சமரசம் வேண்டாம். விளிம்பு கருகிய ஒட்டை 'நாளை பார்க்கலாம்' என்று தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும்.

இதே செய்முறை கூட்டத்தின் தூய்மையையும் காட்டும். ஒரே ஸ்ட்ரெய்ன் என்று நம்பும் எலிகளுக்குள் ஒட்டு மாற்றி வைத்து ஒன்று விழுந்தால், மரபுக் கலப்பா மறைந்த வைரஸா என்று அன்றைக்கே தேடத் தொடங்குங்கள்.

இதயம், சிறுநீரகம், கணையத் திட்டுகள் (இன்சுலின் சுரக்கும் அணுத் தொகுதிகள்)?

இதயத்தைப் பெறுநரின் வயிற்றுக்குள் வைப்பது வழக்கம். கொடையாளியின் மகாதமனி பெறுநரின் மகாதமனியோடும், நுரையீரல் தமனி கீழ்ப் பெருஞ்சிரையோடும் 10-0 நூலால் இணைக்கப்படும். வயிற்றைத் தொட்டே துடிப்புக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். பால்ப்-சி இதயம் பி6-இல் மருந்தின்றிப் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் நின்றுவிடும். நுண்ணறுவையைக் கற்க மாதங்கள் ஆகும். இறந்த எலியில் தையல் பிசகாமல் வரும்வரை உயிருள்ள எலியைத் தரக்கூடாது.

சிறுநீரகத்தில் ஒரு சிக்கல்: டிபிஏ/2 சிறுநீரகத்தை பி6-க்கு வைப்பது போன்ற சில இணைகளில் மருந்தே இல்லாமல் எலி ஏற்றுக்கொண்டுவிடும். அந்த இணையில் மருந்தைச் சோதித்து வெற்றி என்று சொல்லாதீர்கள்.

கணையத் திட்டுகளுக்கு முதலில் சர்க்கரை நோயை வரவழைக்கும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின், கிலோவுக்கு ஏறக்குறைய 180 முதல் 200 மி.கி. ஒரே முறை. சிட்ரேட் கரைசலில் கலந்ததும் சில நிமிடத்துக்குள் செலுத்த வேண்டும். நின்றால் வீரியம் போகும். தொடர்ந்து இரண்டு அளவீட்டில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 300 மி.கி.க்கு மேல் இருந்த எலிக்கு மட்டும் சிறுநீரக உறைக்கடியில் 300 முதல் 500 திட்டுகள். சர்க்கரை எலி ஓயாமல் மூத்திரம் போகும், கூண்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். 100 நாள் சர்க்கரை சீராக இருந்தால் அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். சர்க்கரை திரும்ப ஏறினால்தான் ஒட்டு வேலை செய்தது உறுதி. ஏறாவிட்டால் எலியின் சொந்தக் கணையமே தேறியிருக்கிறது.

எலும்பு மஜ்ஜை மாற்றில் எலிகள் பத்தாம் நாளையொட்டிச் சாகின்றன. என்ன காரணம்?

மூன்று காரணங்கள். பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் கதிரளவு கூடிப்போனது, அணுக்கள் குறைந்துபோனது, குடலிலிருந்து கிருமி இரத்தத்துக்குள் போனது. பி6 எலிக்கு மொத்தம் 11 கிரே (கதிர்வீச்சின் அளவலகு) வரை, 3 அல்லது 4 மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். பால்ப்-சி 8 முதல் 8.5 கிரேக்கு மேல் தாங்காது. எஸ்சிஐடி எலிக்கு 2.5 முதல் 3 கிரேயே போதும்; அதன் அணுக்களுக்கு டிஎன்ஏ முறிவைச் சரிசெய்யத் தெரியாது. கருவிக்குக் கருவி அளவு மாறும் என்பதால் சொந்தக் கருவியில் ஒரு முறையாவது அளவுத் தேர்வு செய்யுங்கள்.

24 மணி நேரத்துக்குள் வால் சிரையில் 50 லட்சம் மஜ்ஜை அணுக்கள். சல்லடையில் வடிகட்டாத கட்டி நுரையீரலில் அடைத்து அங்கேயே கொல்லும். அமில நீரைக் கதிருக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். கதிர் பட்ட நாளில் புதுச் சுவை வந்தால் எலி குடிக்க மறுக்கும். மஜ்ஜை தராத இரண்டு எலிகளை வைத்தால்தான் கதிரளவு போதுமானதா என்று தெரியும்.

காசநோய்க் கிருமியை எலிக்குக் கொடுக்க என்ன ஏற்பாடு வேண்டும்?

மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு உள்ள விலங்கறை. சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கிய இடம். காசநோய் ஆய்வில் இந்த ஊருக்கு நீண்ட மரபு உண்டு. தனியாக ஓர் அறை கட்டத் தொடங்குமுன், ஏற்கெனவே சான்று பெற்ற அறையில் கூட்டாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் கடினம்.

கிருமியைப் புகைபோல மூச்சில் கொடுத்து, நுரையீரலுக்குள் 50 முதல் 100 கிருமி இறங்கும்படி கருவியை அளவுசெய்வார்கள். மறுநாளே மூன்று எலிகளின் நுரையீரலை அரைத்துத் தட்டில் இட்டு எண்ண வேண்டும். இந்த முதல் நாள் எண்ணிக்கை இல்லாத ஆய்வு செல்லாது. காலனி தெரிய 3 முதல் 4 வாரம் ஆகும். எச்37ஆர்வி என்ற ஆய்வகக் காசநோய்க் கிருமி பி6 நுரையீரலில் நாலு வாரத்துக்குள் ஏறக்குறைய 10 லட்சத்தை எட்டும். மனித நுரையீரலைப் போல நடுவில் அழுகிய முடிச்சு வேண்டுமானால் சி3எச்இபி/எஃப்இஜே எலியைத் தேடுங்கள்.

எலியிலிருந்து எலிக்குக் காசநோய் எளிதில் பரவாது. பணியாளருக்கு ஆபத்து கருவியிலும், நுரையீரலை அரைக்கும் நேரத்திலும், ஊசி முனையிலும் இருக்கிறது.

ஒட்டு வைத்து, மருந்தால் எதிர்ப்பாற்றல் அடங்கிய எலிக்குக் கிருமியும் கொடுக்கிறோம். அறையில் காற்றழுத்தம் கூடுதலா, குறைவா?

வடிவமைப்பாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எலியைக் காக்க அறைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். மனிதரைக் காக்கக் குறைவாக இருக்க வேண்டும். முரண்பட்டால் மனிதர்தான் முதலில். அறை, தாழ்வாரத்தைவிட 10 முதல் 15 பாஸ்கல் குறைவு. எலியைக் காக்கும் வேலையை அறையிடமிருந்து எடுத்துக் கூண்டிடம் கொடுத்துவிடுங்கள்: உள்ளே போகும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள, மூடி இறுக்கமான தனிக்காற்றோட்டக் கூண்டு. உணவு, நீர், படுக்கை எல்லாம் கிருமி நீக்கியவை. மூடியைத் திறப்பது இரண்டாம் வகுப்பு பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மட்டும். முன்னறை ஒன்று நடுவில் இருந்து, அதன் அழுத்தம் இரண்டு பக்கத்தையும்விடக் கூடுதலாக இருந்தால் தாழ்வாரத்துத் தூசியும் உள்ளே வராது.

அறுவையைச் சுத்தப் பக்கத்தில் முடித்து, காயம் ஆறி, ஏழாம் நாள் ஒட்டு நிலைத்த பிறகே எலி தொற்று அறைக்குப் போகட்டும். போன எலி திரும்பாது. கருவி, பேனா, குறிப்பேடு எதுவும் திரும்பாது. தகவல் மட்டும் கணினி வழியே வெளிவரட்டும். மெலோக்சிகாம் போன்ற அழற்சி தணிக்கும் வலி மருந்து தொற்றின் போக்கையும் மாற்றும். எல்லாக் குழுவுக்கும் ஒரே மருந்தைக் கொடுங்கள், கிருமி பெறாத குழுவுக்கும் சேர்த்து.

குழுக்கள் நான்கு வேண்டும்: ஒட்டும் கிருமியும், ஒட்டு மட்டும், கிருமி மட்டும், மருந்து மட்டும். கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு எடை குறைந்தது மருந்தாலா கிருமியாலா என்று சொல்ல முடிவதில்லை.

எலியை எப்போது உயிர்நீக்க வேண்டும்?

எடை தொடக்கத்திலிருந்து 20 விழுக்காடு குறைந்தால், கூனிக் குறுகி நகராமல் இருந்தால், மூச்சு வாங்கினால், தொட்டால் சில்லென்று இருந்தால். தொற்றின் உச்ச நாட்களில் காலை, மாலை இரண்டு முறை பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை விலக்கல்ல. தானாகச் சாகட்டும் என்று காத்திருப்பது எலிக்குக் கொடுமை. இறந்து சில மணி நேரமான உடம்பிலிருந்து நம்பத்தகுந்த திசுவும் கிடைக்காது. இரத்தம் எடுப்பதற்கும் வரம்பு உண்டு: 25 கிராம் எலிக்கு இரண்டு வாரத்தில் 0.2 மில்லி.

எந்தக் கிருமிநாசினி?

70 விழுக்காடு ஆல்கஹால் எல்லாவற்றையும் கொல்லும் என்பது தவறு. பார்வோ, நோரோ வைரஸ்களுக்கு உறை கிடையாது, ஆல்கஹாலுக்கு அசையாது. குளோரின் டையாக்சைடு அல்லது புதிதாகக் கலந்த ஹைப்போகுளோரைட் வேண்டும். காசநோய்க் கிருமிக்கு ஃபீனால் வகை. படுக்கைத் துகளும் புழுக்கையும் கிடக்கும் பரப்பில் ஹைப்போகுளோரைட் வீரியம் இழக்கும், முதலில் துடைத்து எடுத்த பிறகு ஊற்றுங்கள்.

இறந்த எலிகளையும் படுக்கையையும் எப்படி அகற்றுவது?

உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி உடல்கள் மஞ்சள் பைக்கு, ஊசிகள் துளையாத வெள்ளை டப்பாவுக்கு. தொற்று அறையிலிருந்து வரும் எதுவும் அங்குள்ள இருபக்கக் கதவு ஆட்டோகிளேவ் வழியாகத்தான் வெளியே வரும். உடல்களைப் பொது எரிப்பு நிலையத்தின் வண்டி வரும்வரை உறைபெட்டியில் வையுங்கள். படுக்கைப் பையை முக்காலுக்கு மேல் நிரப்பினால் நடுவில் நீராவி போய்ச் சேராது. உயிரிச் சோதனைத் துண்டை (வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் உள்ளது) பையின் நடுவில் புதைத்து வைத்துச் சரிபாருங்கள்.

ஒரே ஆள் வளர்ப்பு அறைக்கும் தொற்று அறைக்கும் போகலாமா?

ஒரே நாளில், இந்த வரிசையில் மட்டும்: வளர்ப்பு அறை, எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகள், அறுவை அறை, தனிமை அறை, தொற்று அறை. பின்னோக்கி மறுநாள் குளித்து உடை மாற்றிய பிறகுதான். வீட்டில் வெள்ளெலியோ சுண்டெலியோ வளர்ப்பவர்களைக் கூடத்துக்குள் விட வேண்டாம்.

மின்தடை, புயல், தீபாவளிக்கு முன்னேற்பாடு?

2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றிலும் சென்னையில் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கூடத்தைத் தரைத்தளத்துக்குக் கீழே கட்டாதீர்கள். ஜெனரேட்டரையும் டீசல் தொட்டியையும் தெரு மட்டத்தில் வைக்காதீர்கள். கூண்டு அடுக்கின் காற்றாடிக்குத் தனி யுபிஎஸ் வேண்டும், ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளிக்கும் அது பழுதானால் அதற்குப் பிறகும். குளிரூட்டலும் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று மே மாதத்துக்கு முன் ஒரு நண்பகலில் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். விளக்கு எரிவதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எலிக்கு வியர்க்காது, வெப்பம் ஏறினால் எச்சிலை உடம்பில் தடவிக்கொள்ளும். தாடையும் மார்பும் நனைந்த எலிகளைப் பார்த்தால் அடுக்கைக் காலி செய்யும் நேரம் வந்துவிட்டது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று வாரத் தீவனமும் படுக்கையும் கையில் இருக்கட்டும். தீபாவளி வாரத்தில் பிரசவம் நிகழாதபடி இணை சேர்ப்பைத் தள்ளி வையுங்கள். கருக்காலம் 19 முதல் 21 நாள், எண்ணிக்கொள்ளலாம். திடீர் வெடியோசையில் தாய் எலி புதுக் குட்டிகளைத் தின்றுவிடும். மெட்ரோ ரயில் சுரங்க வேலை நடக்கும் தெருவில் கூடம் இருந்தால் அதிர்வுமானி பொருத்தி, குட்டி இழப்பு எண்ணிக்கையோடு வாரந்தோறும் ஒப்பிடுங்கள். பண்டிகை விடுமுறைக்கும் புயல் நாளுக்கும் பணியாளர் பட்டியலில், நடந்தே வரக்கூடிய தூரத்தில் வசிக்கும் இருவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுக்குச் சாவி, காற்றாடி இயக்கும் முறை, கால்நடை மருத்துவரின் எண் மூன்றும் முன்பே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.